தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே வீடியோ கேம் பிடிக்குமா? கன்சோல் எல்லா வயதுக்காரர்களையும் எப்படி இழுக்கிறது?

பிடிக்கும். நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கன்சோல் என்றால் டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, மாட்டிக் கொடுக்கிறவன். காரைக்குடியில் அப்பா டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அதே கடையில் இப்போது நான் டிவி, டிஷ், கேமரா என்று பார்க்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டியேதான் கிடக்கும். கல்யாணம், படைப்பு, செவ்வாய்ப் பொங்கல் என்று வந்தால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து திறப்பார்கள். அதில் வருகிற பிள்ளைகள் பையிலிருந்து முதலில் எடுப்பது வீடியோ கேமைத்தான். ஊரில் இருக்கிற டிவியோ பழசு, எந்த ஓட்டையில் எந்த ஒயரைச் சொருகுவது என்று தெரியாது. உடனே கடைக்கு ஆள் வரும்.

முதல் தடவை அப்பாவோடு போனபோது எனக்குப் பத்து வயசிருக்கும். பள்ளத்தூரில் ஒரு வீடு. பினாங்கிலிருந்து வந்த மாமா மைக்ரோ ஜீனியஸ் கொண்டுவந்திருந்தார். நிண்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனியின் ஃபேமிகாம் 1983-இல் அங்கே வந்தது, அதைப் பார்த்துத் தைவானில் செய்த பெட்டி இது. தொண்ணூறுகளில் நம்மூரில் 'கேசட் போடுற வீடியோ கேம்' என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் இந்த வம்சம்தான். ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு அப்பா இதன் ஒயரைச் சொருகி, சேனலைத் திருகிக்கொண்டே போனார். புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருந்த திரையில் திடீரென்று ஆட்டத்து நாயகன் மாரியோ வந்து நின்றான்.

படம் குதறினால் பிள்ளைகள் கேசட்டை வாயால் ஊதுவார்கள். நீங்களும் ஊதியிருப்பீர்கள். அப்பாவுக்கு அதைக் கண்டால் கோபம் வரும். எச்சில் ஈரம் பட்டால் கேசட்டின் அடியில் இருக்கிற செம்புக் காலில் களிம்பு ஏறும் என்பார். ஊதியதும் வேலை செய்வது ஊதியதால் இல்லை, கழற்றித் திரும்பச் சொருகியதால்தான். அவர் பள்ளிக்கூட அழிரப்பரால் அந்தக் காலை மெதுவாகத் தேய்த்துவிட்டுத் தருவார்.

எனக்கு ஞாபகம் இருப்பது மாரியோ இல்லை, அந்த வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்திருந்த கூட்டம். ரிமோட் இரண்டே இரண்டு. ஆடுகிறவர்களும் இரண்டு பேர். ஆனால் தூணில் சாய்ந்து முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஆச்சியிலிருந்து வாசல் வேலைக்காரர் வரை பதினைந்து பேர் "குதி, குதி, அந்தா குழி வருது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தாயம் ஆடுகிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. ஆடுவது நாலு பேர் என்றால், எந்தக் காயை வெட்டலாம் என்று சொல்வது எட்டுப் பேர். பழைய திண்ணைகளில் ஆடு புலிக் கட்டம் கீறியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைச் சுற்றி நிற்க எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். என் கணக்கில் கன்சோலின் வசியம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டம் கூடத்து டிவியில் ஓடுகிறது, அதனால் ஆடத் தெரியாதவருக்கும் அதில் பங்கு கிடைக்கிறது. செல்போனில் அது கிடையாது. ஆடுகிறவன் முதுகைத்தான் பார்க்கலாம்.

இனி விளக்கு வைத்து ஆடிய கதை. 2008 பொங்கலுக்குப் பிறகு, கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. அமெரிக்காவிலிருந்து மகன் நிண்டெண்டோ வீ கொண்டுவந்திருந்தார். 2006 கடைசியில் வந்த சாமான், அப்போது இங்கே யாரும் பார்த்ததில்லை. பிளக்கைச் சொருகப் போன பையனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அடாப்டரில் 120 வோல்ட் என்று போட்டிருந்தது. நம்ம 230-இல் மாட்டினால் புகைதான் வரும். கடைக்குப் போய் வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எடுத்துவந்து மாட்டினேன். அடுத்த சிக்கல், டிவிக்கு அடியில் வைக்கிற நீளக் குச்சியைச் சென்னை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அது இல்லாமல் திரையில் கைக்குறி வராது.

அதற்குச் சென்ஸார் பார் என்று பெயரே தவிர, அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அவ்வளவுதான். பார்க்கிற கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. எரிகிற சுடரிலும் அதே அகச்சிவப்பு உண்டு. ஆகவே ஆச்சியிடம் இரண்டு காமாட்சி விளக்கு கேட்டேன். டிவிக்கு முன்னால் முக்காலி போட்டு, ஒரு சாண் இடைவெளி விட்டு ஏற்றி வைத்தோம். முற்றத்துக் காற்றில் சுடர் ஆட, திரையில் கைக்குறியும் ஆடியது. ஒரு பக்கக் கதவைச் சாத்தியதும் நின்றது.

"விளக்கேத்தி வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் ஆடணுமாக்கும்?" என்றார் ஆச்சி. வயசு எழுபத்தெட்டு, முழங்கால் வலி, நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பேத்தி ரிமோட்டை அவர் கையில் திணித்தாள். பவுலிங், பந்தை உருட்டிக் கட்டைகளை விழ வைக்கிற ஆட்டம். பின்பக்கப் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கையை வீசி, விடுகிற இடத்தில் விரலை எடுக்க வேண்டும்.

"தாயக்கட்டை உருட்டுற மாதிரிதானேப்பா?"

"அதேதான் ஆச்சி."

பத்துக் கட்டையில் எட்டு விழுந்தது. அதற்கப்புறம் ரிமோட்டைத் திரும்ப வாங்க முடியவில்லை. "பெரியாச்சி ரெண்டு தடவ ஆடிட்டாக" என்று ஒரு பொடியன் அழ ஆரம்பித்ததும்தான் கொடுத்தார்.

உலகம் முழுக்க வீ 10 கோடிக்கு மேல் விற்றதற்குக் காரணம் அன்று எனக்குப் புரிந்தது. அதே காலத்து மற்ற பெட்டிகளோடு ஒப்பிட்டால் அதன் படம் ரொம்பச் சுமார். ஆனால் உருட்டுவதும் வீசுவதும் கிழவிக்கு ஏற்கெனவே கையில் இருந்த பழக்கம், புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. பழைய ஃபேமிகாமும் அப்படித்தான், ஆடுவதற்கு ஒரு சிலுவைப் பட்டன், இரண்டு வட்டப் பட்டன். அந்தச் சிலுவையைச் செய்தவர் நிண்டெண்டோவில் வேலை பார்த்த குன்பே யோகோய். சோனி கம்பெனியின் இப்போதைய பிளேஸ்டேஷன் ரிமோட்டை எடுத்துப் பாருங்கள், குச்சி இரண்டு, பட்டன் பதினைந்துக்கும் மேலே. அதை ஆச்சி கையில் கொடுத்தால் மேசையில் வைத்துவிடுவார். பெரியவர்களுக்கு வீடியோ கேம் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் பாதிப் பேர் இந்தப் பட்டன் கூட்டத்தைத்தான் பார்த்து மிரண்டிருப்பார்கள்.

அதே வீட்டில் பட்டாலை என்கிற முன்கூடத்தில் செட்டியாரும் பங்காளிகளும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் நேத்து வந்த பயலுக வேலை" என்றார் செட்டியார். இல்லை அண்ணே, நிண்டெண்டோ 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி என்றேன். கையிலிருந்த சீட்டை ஒரு தரம் பார்த்தார். "அப்ப நம்ம பாட்டையா பர்மாவுல கடை வச்சிருந்தப்ப அவன் சீட்டு அடிச்சிக்கிட்டு இருந்திருக்கான்" என்றவர், அரைமணி கழித்து எழுந்து வந்து வளவில் நின்றார். ஆடவில்லை. பேரனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

நடுவில் இருக்கிற தலைமுறையைச் சொல்லவில்லையே, அவர்கள்தான் உண்மையில் வாங்குகிறவர்கள். பிளேஸ்டேஷன் 2 வந்தபோது "டிவிடியும் ஓடும்" என்று வீட்டில் பொய்யில்லாத சாக்குச் சொல்லி வாங்கினார்கள். அது 15 கோடிக்கு மேல் விற்றது. இப்போது அவர்களுக்கே நாற்பது தாண்டிவிட்டது, "பிள்ளைக்கு வாங்கறேன்" என்கிறார்கள். மாட்டி முடித்ததும் ரிமோட்டை முதலில் யார் எடுக்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிள்ளை எடுத்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒருவர் பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை எடுத்துத் துடைத்து, வாத்து சுடுகிற ஆட்டத்துத் துப்பாக்கியோடு கடைக்கே கொண்டுவந்தார். மகனுக்குக் காட்ட வேண்டுமாம். புது எல்இடி டிவியில் படம் வந்தது, வாத்து ஒன்றுகூட விழவில்லை. பழுதில்லை அது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கியின் கண் கறுப்புக்குப் பிறகு வெள்ளையைப் பார்த்தால் அடி விழுந்ததாகக் கணக்கு. படக்குழாய் டிவி வரைகிற நேரத்தை நம்பி அமைந்த ஏற்பாடு, புது டிவி கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் கணக்குத் தப்புகிறது. கடை மூலையில் கிடந்த 14 அங்குலப் பழைய டிவியில் மாட்டிக் கொடுத்தேன். அப்பனும் மகனும் ஒன்றரை மணிநேரம் சுட்டார்கள். அன்று வேறு வேலை நடக்கவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு நிண்டெண்டோவின் ஸ்விட்ச் சரி. கையோடு வருகிற ரிமோட்டையே இரண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று பிடிக்கலாம், அடாப்டரும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். வேறு ஏதாவது வெளிநாட்டிலிருந்து வந்தால் அடாப்டர் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். 120 என்று மட்டும் இருந்தால் சொருகாதீர்கள், எங்களை மாதிரி ஒருவரைக் கூப்பிடுங்கள்.