அப்பா உயில் எழுதி வைத்துவிட்டுத் தவறிவிட்டார், வீடு சென்னையில் இருக்கிறது. புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்க வக்கீல் தேவையா, நாமே பார்த்துக்கொள்ளலாமா?

தேவை. ஆனால் எந்த வக்கீல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. அப்பா உயிலில் என்னை எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலில் சொன்னதை நிறைவேற்றும் பொறுப்பாளராகப் போட்டுவிட்டுப் போனதால் கிட்டத்தட்ட நான்கு வருஷம் ஹைகோர்ட்டுக்கு அலைந்தவள், அவ்வளவுதான். சட்ட நுணுக்கத்தில் பிசகு இருந்தால் வக்கீல்கள் கமெண்டில் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் அண்ணன் தம்பிகள் இருப்பார்கள், இப்போதைக்கு எல்லோரும் சுமுகமாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

பெரம்பூரில் வீடு. அப்பா 2003-இல் உயில் எழுதி ரிஜிஸ்டரும் செய்தார். 2015 ஜனவரியில் தவறிவிட்டார். ரிஜிஸ்டர் ஆன உயில்தானே, இனி என்ன என்று இருந்தோம். தம்பி மாடியில் இன்னொரு தளம் எடுக்க லோன் கேட்டபோதுதான் வங்கியில் புரோபேட் கேட்டார்கள். உயிலைப் பதிவு செய்வது நம் விருப்பம். பதிவு செய்துவிட்டால் புரோபேட் வேண்டாம் என்று ஆகிவிடாது. மதுரையில் சித்தப்பா இறந்தபோது அவர் உயிலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், சென்னை, மும்பை ஹைகோர்ட்டுகளின் நேரடி எல்லைக்குள்ளும் பழைய வங்காள லெப்டினன்ட் கவர்னரின் ஆளுகையிலிருந்த பகுதியிலும் இந்துக்களின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்று இருந்தது. வெள்ளைக்காரன் போட்ட கோட்டுக்கு உள்ளே எங்கள் வீடு, வெளியே சித்தப்பா வீடு.

முதலில் பிடித்த வக்கீல் சொந்தக்காரர் சொன்னவர். எப்போது கேட்டாலும் “இன்னும் நம்பர் ஆகலைம்மா” என்பார், கோர்ட் மனுவை ஏற்று இன்னும் எண் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஒரு வருஷம் இப்படியே போனது. மனுக் கட்டு ஏதோ குறை சொல்லி கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகி அவர் ஆபீஸிலேயே கிடந்திருக்கிறது. குறை இதுதான்: உயிலில் அப்பா பெயர் ஒற்றை இனிஷியலோடு, இறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயரும் சேர்ந்து இரண்டு இனிஷியலோடு. இருவரும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

இந்த இனிஷியல் விஷயத்தில் எனக்கு வேறு ஆத்திரமும் இருக்கிறது. எந்த ஆன்லைன் ஃபாரத்தைத் திறந்தாலும் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். என் மகளுக்கு விமான டிக்கெட்டில் அவள் பெயரே இரண்டு முறை அச்சாகி வந்தது. குடும்பப் பெயர் வேண்டாம் என்று விட்டவர்கள் நாம், அதற்குத் தண்டனை மாதிரி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது வக்கீல் ஓர் அம்மா, உயில் வழக்குகளையே அதிகம் நடத்துபவர். போன முதல் நாளே அவர் கேட்டது, “சாட்சிகள் உயிரோடு இருக்காங்களா?” உயிலில் குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். அப்பா தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைப் போட்டிருந்தார். இருவரும் அவர் வயதுக்காரர்கள். ஒருவர் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். இன்னொருவர் அரக்கோணத்தில் மகள் வீட்டில் இருந்தார்.

2016-இல் நம்பர் ஆகி, வாரிசுகளுக்கு நோட்டீஸ் போனது. அண்ணன் கேவியட் போட்டான், அதாவது என்னைக் கேட்காமல் புரோபேட் கொடுக்கக் கூடாது என்று கோர்ட்டில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தான். அத்தோடு மனு வழக்காக மாறிவிட்டது. உயிலில் கீழ்த்தளம் அம்மாவின் காலத்துக்குப் பிறகு எனக்கு, மாடி தம்பிக்கு. அண்ணனுக்கு ஒரே வரி: ‘மூத்த மகனுக்குத் தொழிலுக்காக ஏற்கெனவே போதிய அளவு கொடுத்துவிட்டபடியால்.’

பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு வீடு என்று கேட்க வருபவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம். அது அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது. எழுதச் சொல்லி நான் கேட்கவும் இல்லை, எழுதியது எனக்குத் தெரியவும் தெரியாது.

சாட்சிப் பெரியவரால் சென்னை வர முடியாததால் கோர்ட் ஓர் அட்வகேட் கமிஷனரைப் போட்டு, வீட்டிலேயே சாட்சியம் பதிவு செய்தார்கள். 79 வயது. பச்சைத் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். “என்னுதுதான். அப்ப கை நடுங்காது” என்றார். அண்ணனின் வக்கீல், உயிலில் என்ன எழுதியிருந்தது என்று படித்தீர்களா என்று மடக்கினார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அடுத்தவன் வீட்டுச் சொத்துக் கணக்கு எனக்கெதுக்குங்க? அவன் கையெழுத்துப் போட்டதைப் பாத்தேன், நானும் போட்டேன். அப்புறம் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான்.” கமிஷனர் ரோஸ்மில்க்கையும் எழுதிக்கொண்டார். சாட்சிக்கு உயிலின் உள்ளடக்கம் தெரிய வேண்டியதில்லை. எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்திருந்தால் போதும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வக்கீலம்மாவே சமரச மையத்துக்குப் போகலாம் என்றார். ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அண்ணனுக்கு வீடு பிரச்சினையே இல்லை. வாங்கிய பணத்தில் பாதியை அவன் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறான். உயில் எழுதியதற்கு அப்புறம். அப்பா அந்த வரியை மாற்றவே இல்லை. “ஊருக்கெல்லாம் நான் தின்னுட்டுப் போனவன்னு எழுதி வச்சிருக்காரு” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. திருப்பிக் கொடுத்தது உண்மை என்று தம்பியும் நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கேவியட்டை வாபஸ் வாங்கினான். 2018 கடைசியில் புரோபேட் கைக்கு வந்தது.

இப்போது உங்கள் கேள்வி. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம், புரோபேட்டைக் கட்டாயமாக்கிய அந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சமைக்கவில்லை, வெளியிலிருந்து வாங்கிவரச் சொல்லிவிட்டேன். கட்டாயம் போய்விட்டது என்பதற்காகப் புரோபேட்டே இல்லை என்று அர்த்தமில்லை, வேண்டுமென்றால் இப்போதும் வாங்கலாம். உங்கள் அப்பா எந்த வருஷம் தவறினார், வங்கி என்ன கேட்கிறது, வாரிசுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பவர் யாராவது உண்டா, இந்த மூன்றையும் உயில் வழக்கு நடத்தும் வக்கீலிடம் சொல்லிக் கேளுங்கள். சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள் என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

மனுப் போடுவதென்றால் அசல் உயில் கோர்ட்டுக்குப் போய்விடும். திரும்பக் கைக்கு வருவது முத்திரை வைத்த நகல்தான். கொடுப்பதற்கு முன்னால் கலரில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். நான் எடுத்தது கறுப்பு வெள்ளையில். அப்பாவின் கையெழுத்து எந்த மையில் இருந்தது என்பது இப்போது எனக்கு நினைவில் இல்லை.