ஈரமில்லாத கயிறு

அன்புள்ள ஐயா,

ஞாயிறு பத்திரிகையில் உங்கள் பத்தி இனி வராது என்று அறிவித்திருக்கிறீர்கள். மண்ணெண்ணெய் விலை, மின்வெட்டு, எங்கள் ஊர் வீதி என்று கேட்பாரற்ற விடயங்களைப் பதினொரு ஆண்டுகள் எழுதினீர்கள். அதை விட்டுச் சினிமா விமர்சனத்துக்குப் போவது, மன்னிக்கவும், எனக்கு ஏமாற்றமே. எங்கள் வாப்பா தியேட்டர் வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகங்களைப் பெட்டி நிறைய வைத்திருப்பவர். அவர்கூட இதைக் கேட்டுச் சிரித்தார்.

மூதூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

பாட்டுப் புத்தகம் சேர்த்தவருக்குச் சிரிக்க உரிமை உண்டு.

முதற்காரணம் வியாழக்கிழமை. அன்று மாலைக்குள் அறுநூறு சொல் போய்ச் சேரவேண்டும். தொடக்கத்தில் கருத்து இருந்ததால் எழுதினேன். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளாக எழுதவேண்டியிருந்ததால் கருத்துச் சொன்னேன். உங்கள் ஊர் வீதியைப் பற்றிய மூன்றாவது பத்தியை, அந்தப் பக்கமே வராமல்தான் எழுதினேன். நீங்கள் அதைப் பாராட்டிக் கடிதமும் போட்டீர்கள்.

சினிமா ஏன் என்கிறீர்கள். திருக்கடலூரில் ஒரு வீட்டில், கரைவலைக்காரர்கள் சிலரோடு உட்கார்ந்து ஒரு தமிழ்ப் படம் பார்த்தேன். பெயர் வேண்டாம். வலை இழுக்கும் காட்சி வந்தது. சூரியோதயம், பாட்டு, கதாநாயகனின் தோள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த பெரியவர், “கயிற்றில் ஈரமில்லையே” என்றார். அப்போதுதான் பார்த்தேன். கடலிலிருந்து வரும் கயிறு காய்ந்த தும்பாக உள்ளங்கையில் கிடந்தது. இழுப்பவர்களின் குதிகால் மணலில் புதையவுமில்லை. மீன் சேரும் வலையின் மடி கரையேற மணிக்கணக்காகும். படத்தில் ஒரு சரணத்துக்குள் ஏறிவிட்டது.

அவர் பார்த்ததைப் போலப் பார்த்து எழுதப் பழகவேண்டும். ஒரு படத்தை இரண்டு மூன்று தரம் பார்க்காமல் எனக்கு அது வராது. வியாழக்கிழமை விடாது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர், சாதியையும் சீதனத்தையும் வைத்து யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’யைத் தமிழில் எடுத்தார். தமிழ்நாட்டுப் படங்களுக்குப் பழகிய நம்மவர்கள் அதைக் கைவிட்டார்கள். வசூல் போனது போகட்டும். ஏன் கைவிட்டோம் என்று ஆறுதலாக உட்கார்ந்து எழுதியவர்கள் எத்தனை பேர்? கதையைச் சொல்லி, கடைசியில் ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்று முடிப்பதை நான் விமர்சனத்தில் சேர்ப்பதில்லை. நானும் அப்படி நாலைந்து எழுதியிருக்கிறேன், அது வேறு.

மண்ணெண்ணெய் விலையைவிடச் சினிமா பெரிதா என்றால், இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் விலையை எழுத ஆள் வந்துவிட்டது. என் இடத்துக்கு வரும் இளைஞர் உங்கள் வீதியை ஏற்கெனவே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டார். முதுகுவலி இன்னும் இருக்கிறதாம்.

வாப்பாவின் பெட்டியில் இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களின் பாட்டுப் புத்தகம் ஏதும் இருந்தால் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறேன்.