கைராங்கருக்கு ஸ்னீக்கர்ஸ் காணாது தம்பி

நோர்வேயில ஓலசுண்டுக்குப் புதுசா வந்திருக்கிறன், கைராங்கர் பியோர்டில, அதுதான் மலையளுக்கு நடுவில உள்ளுக்குப் போற கடலில, எங்க நடக்கலாம், என்ன கதையள் இருக்கு, ஸ்னீக்கர்ஸ் காணுமா, தங்க எவ்வளவு முடியும் எண்டு கேட்டிருந்தீர். ஸ்னீக்கர்ஸ் காணாது தம்பி. கணுக்கால் மூடுற மலைச் சப்பாத்து வாங்கும், காசு பாக்காதையும்.

நான் முதல் வந்து இறங்கினது வடக்க ஃபின்மார்க்கில, மீன் ஃபக்டரி வேலைக்கு. குளிருக்கு என்ன உடுக்கிறது எண்டு சொல்லித்தர எங்கட ஆள் ஒருத்தரும் இல்லை, கூட வேலை செய்த ஒரு நோர்வேக்கார அம்மாதான் பருத்தி பெனியனைக் கழட்டு, ஈரமானா அது உன்னைக் கொல்லும் எண்டு சொல்லி கம்பளி உள்ளுடுப்பு தந்தவ. இண்டைக்கும் ஜூலை மாசம் மலைக்குப் போனாலும் என்ர பையில கம்பளி இருக்கும்.

நடக்கிறதெண்டா ஸ்காகெஃப்ளோவுக்குப் போம். தண்ணிக்கு மேல 250 மீட்டரில, செங்குத்துப் பாறைத் தட்டில ஒரு பழைய பண்ணை. படகில போய் அடியில இறங்கி ஏறி, மேலால நடந்து ஹோம்லோங் பக்கம் வரலாம். மழை பெய்தா அந்தக் கல்லும் வேரும் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், அண்டைக்கு ஏறாதையும். மலைக்குப் போறவைக்கெண்டு நோர்வேக்காரர் வச்சிருக்கிற ஒன்பது விதியில எட்டாவது, நேரத்தோட திரும்பு, திரும்பிறதில வெக்கமில்லை எண்டுதான் சொல்லுது.

எங்கட சனத்தில கனபேர் 20 வருசம் இருந்தும் கைராங்கருக்கு இறங்கிற ஓர்னெவெய் எண்ட மலை றோட்டின்ர 11 வளைவையும் காரில ஓடி இறங்கி, ஃபோட்டோ எடுத்து, கார் பார்க்கில ரோல்ஸ் சாப்பிட்டுட்டு வந்து அங்க ஒண்டுமில்லை எண்டு சொல்லுவினம். எனக்கு அதைக் கேக்கக் கோவம் வரும்.

என்னை முதல் ஸ்காகெஃப்ளோவுக்குக் கூட்டிக்கொண்டு போனது வேலைத்தளத்தில இருந்த ஒரு வயசான மனுசன். பண்ணை முத்தத்தில இருந்து, பாணில மண்ணிறச் சீஸை மெல்லிசாச் சீவி வச்சுத் தந்துகொண்டே கதை சொன்னார். வரி வாங்க ஆள் வந்தா பண்ணைக்கு ஏறிற ஏணியை மேல இழுத்துப்போடுவினமாம், பிள்ளையள் விழாம இருக்கக் கயிறு கட்டி விடுவினமாம். எதிர்ப்பக்கம் விழுகிறது ஏழு சகோதரியள் அருவி, இஞ்சால் பக்கம் மாப்பிள்ளை அருவி. ஏழு பேரிட்டயும் கலியாணம் கேட்டு ஒருத்தியும் சம்மதிக்காததால அந்த மாப்பிள்ளை குடிக்கத் தொடங்கினான், அருவிக்கு நடுவில தெரியிறது அந்தப் போத்தல்தான் எண்டு காட்டினார். எனக்கு வடிவாத் தெரிஞ்சது.

இன்னொண்டு. பக்கத்து சூனில்வ்ஸ்பியோர்டில ஓக்கெர்னெஸ் மலை கொஞ்சங் கொஞ்சமா விலகுது, கருவியள் பூட்டிக் கண்காணிக்கினம். 1934 இல டாஃபியோர்டில பாறை சரிஞ்சு எழும்பின அலையில 40 பேர் செத்தவை. சைரன் கேட்டா வீடியோ எடுக்காம மேட்டுக்கு ஓடும்.

ஹோட்டல் காசு, பஸ் நேரம் எல்லாம் நெட்டில பாரும். ஜூன் மாசம் போம், பனி உருகிற நேரம். கோடை முடியிற நேரம் போனா ஏழு சகோதரியளில சிலது வத்திப்போயிருக்கும்.