பி0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

வண்டி ஓட்டத்தில் குறையில்லை, செக் இன்ஜின் விளக்கு மட்டும் எரிகிறது, ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு), மெக்கானிக் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோடு சென்சார் கெட்டதாகச் சொல்லவில்லை. கலவையில் காற்று அதிகம், பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தன் எல்லையைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே பெரும்பாலும் அந்தச் சென்சார்தான்!

அந்தக் குறியீட்டை இப்போதைக்கு அழிக்காதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும். கோளாறு பதிவான நொடியில் இருந்த ஆர்பிஎம், லோடு, சூடு எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இன்ஜின் நன்றாகச் சூடானபின் லாங் டெர்ம், ஷார்ட் டெர்ம் ஃபியூவல் டிரிம் (இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) இரண்டையும் ஸ்கேனரில் பார்த்துக் கூட்டுங்கள். ஐடிலில் +25, 2500 ஆர்பிஎம்மில் +5 என்று இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது: இன்டேக் ஹோஸ் மடிப்பு, பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்புவது), பிரேக் பூஸ்டர் குழாய், மேனிஃபோல்ட் கேஸ்கட். ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். மாறாக லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப் பிரஷர், பெட்ரோல் ஃபில்டர், அழுக்கடைந்த மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது) ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். இந்தச் சென்சாரை அதற்கான ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். கார்ப் கிளீனர் வேண்டாம்.

உங்கள் வண்டியில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் இருந்தால், காற்றுக் கசிவு ஐடிலை ஏற்றுமே தவிர இந்தக் குறியீட்டைத் தருவது குறைவு. பெட்ரோல் பிரஷரிலிருந்து தொடங்குங்கள். இரண்டு டிரிம் அளவுகளையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.