கேளுங்கள் சொல்கிறோம்: துபாயில் ஆசிரியர் வேலை, குடும்பத்தோடு குடியேற்றம்

கேள்வி: துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் எனக்குக் கணித ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச் கடைசியில் சேர வேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒன்றாகவே கிளம்பிவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். முதலில் நீங்கள் மட்டும் போங்கள். அங்கே ஒவ்வொரு காகிதமும் முந்தைய காகிதத்தைக் கேட்கும். மருத்துவப் பரிசோதனையும் (ரத்தம், மார்பு எக்ஸ்ரே) கைரேகைப் பதிவும் முடிந்தால்தான் எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை) வரும். அது வந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு இருந்தால் செக் புக். செக் இல்லாமல் வீடு கொடுப்பவர்கள் குறைவு. வாடகை ஒப்பந்தங்களுக்கான துபாய் அரசுப் பதிவேடான 'இஜாரி'யில் வீட்டு ஒப்பந்தத்தைப் பதிந்தால்தான் மனைவி மக்களுக்கு விசா கேட்க முடியும். அவசரப்பட்டுக் குடும்பத்தை விசிட் விசாவில் கூட்டிப் போனால், இந்த வரிசை நகரும்வரை ஓட்டல் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு விசாவை உள்ளிருந்தே மாற்றத் தனிக் கட்டணமும் உண்டு.

குடும்ப விசாவுக்கு மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். வாயால் சொன்ன சம்பளம் இங்கே செல்லாது, தொழிலாளர் ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கும் எண்தான் கணக்கு. விசா, ஆள்சேர்ப்புச் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம். இதற்கென்று ஏஜென்ட் பணம் கேட்டால் யோசியுங்கள்.

ஊரிலேயே முடிக்க வேண்டியது சான்றிதழ் அத்தாட்சி. டிகிரி, பி.எட். சான்றிதழ்களுக்கு மாநில உயர்கல்வித் துறை, திருமண, பிறப்புச் சான்றிதழ்களுக்கு மாநில உள்துறை. அதன் பிறகு எல்லாவற்றுக்கும் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம். துபாய் போனதும் அங்குள்ள வெளியுறவு அமைச்சக முத்திரையும், கேட்கும் இடங்களில் அரபி மொழிபெயர்ப்பும் வேண்டும். ஓமனுக்குப் போகிறவர் அப்போஸ்டில் (நம் வெளியுறவு அமைச்சகம் தரும் பன்னாட்டு அத்தாட்சி) முத்திரையோடு நிறுத்திக்கொள்வார். அமீரகத்துக்கு அது போதாது.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். டிகிரியில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'முருகன் சுப்பையா', திருமணச் சான்றில் வெறும் 'முருகன்' என்று இருந்தால் மூன்று பேராகத்தான் பார்ப்பார்கள். இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. பாஸ்போர்ட்டையே திருத்துவது நல்லது. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்கு 2022 நவம்பரிலிருந்து கெடுபிடி கூடுதல். மனைவியின் பாஸ்போர்ட்டையும் இப்போதே திறந்து பாருங்கள்.

கேள்வி: வீடு எடுக்க முதல் நாளில் எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: வருட வாடகை 48,000 திர்ஹம், அதை நான்கு செக்காகப் பிரித்துக் கொடுப்பது என்று வைத்துக்கொள்வோம். முதல் செக் 12,000. முன்பணம் 5 சதவீதம், அதாவது 2,400 (சாமான்களோடு உள்ள வீடென்றால் 10 சதவீதம் கேட்பார்கள்). தரகர் கமிஷன் 5 சதவீதம், இன்னொரு 2,400. மின்சாரமும் தண்ணீரும் தரும் டீவாவுக்குப் பிளாட் என்றால் டெபாசிட் 2,000. ஆக 18,800, அதன்மேல் இஜாரிப் பதிவும் டீவா இணைப்புக் கட்டணமும். கட்டில், பிரிட்ஜ் இன்னும் வாங்கவில்லை!

பலரும் கணக்கில் விடுவது 'ஹவுசிங் பீ'. வருட வாடகையில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து டீவா பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். இந்த வீட்டுக்கு மாதம் 200. 'சில்லர் ஃப்ரீ' என்று சொன்னால் ஏசிக் குளிர்ச்சிக்குத் தனி பில் இல்லை என்று பொருள். அப்படி இல்லாத கட்டடத்தில் அதற்கும் தனி டெபாசிட் கட்ட வேண்டும்.

ஷார்ஜாவில் வாடகை குறைவு, உண்மைதான். ஆனால் காலையில் அல் இத்திஹாத் சாலை நெரிசலைத் தாண்டி முதல் மணிக்குள் வகுப்பில் நிற்க வேண்டியவர் ஆசிரியர். பள்ளி அல் குசைஸ் பக்கம் என்றால் அங்கேயோ அல் நஹ்தாவிலோ சின்ன வீடாகப் பாருங்கள்.

கேள்வி: பையன் ஊரில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அங்கே இந்தியப் பள்ளிகளில் ஏப்ரல் தொடக்கத்திலேயே அடுத்த வகுப்பு ஆரம்பமாகிவிடும். நம் ஊரில் அப்போதுதான் முழுப் பரீட்சை. தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, தேர்ச்சி விவரத்தோடு டி.சி.யை வாங்குங்கள். அதற்கும் கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று அத்தாட்சி வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு அங்கே போய், டி.சி.யைக் கூரியரில் திருப்பி அனுப்பித் திண்டாடுகிறார்கள்.

தனியார் பள்ளிகளில் 9-ஆம் வகுப்பு வரை அரபி கட்டாயம். ஆறில் புதிதாகச் சேரும் பிள்ளை எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். விடுமுறையிலேயே 28 எழுத்துகளையும் பழக்கிவிட்டால் பயம் தெளியும். தமிழைப் பாடமாகச் சொல்லித்தரும் பள்ளிகள் கொஞ்சம்தான், சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சமையல் சாமான்களில் எதை எடுத்துப் போவது, எதை விடுவது?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் விட வேண்டியது: கசகசா. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். அம்மா ஆசையாய் அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளுக்கு முன் அனுமதி தேவை.

மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர் தாராளமாக எடுத்துப் போகலாம். மின்னழுத்தம் நம்முடையதுபோல் 230 வோல்ட்தான், ஆனால் பிளக் சதுர முள். அடாப்டரில் கிரைண்டரை ஓட்டினால் சூடாகி உருகும், பிளக்கையே மாற்றிவிடுங்கள். மூடியைத் திறந்து உங்கள் பக்கம் பார்த்தபடி வைத்தால், ஃபியூஸ் இருக்கும் வலப்பக்கத்தில் பழுப்பு வயர், இடப்பக்கத்தில் நீலம், மேலே பச்சை மஞ்சள். பழைய சாமானில் சிவப்பு வயரைப் பழுப்பாகவும், கறுப்பை நீலமாகவும் கொள்ளவும். குக்கரை மட்டும் வீடு பார்த்த பிறகு வாங்குங்கள். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் சாதா அலுமினியக் குக்கர் சூடே ஏறாது.

ஜூலையில் மாடித் தொட்டி கொதித்து, பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும். அந்தத் தண்ணீரை ஊற்றி மாவு அரைத்தால் பொங்குவதற்குள் புளித்துவிடும். ஐஸ் தண்ணீரில் அரையுங்கள். குளிக்கவோ, கீசரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். வீட்டுக்குள் கீசரில் தங்கிய தண்ணீர்தான் அப்போது குளிர்ச்சி. ஏசி ஓடும் அறையில் மாவு வைத்தால் நேர்மாறு, காலையிலும் அப்படியே இருக்கும். ஏசி இல்லாத அடுக்களையில் ஐந்தாறு மணி நேரம் போதும்.

கேள்வி: சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: அனுமதி வாங்கி எடுக்கலாம். 2023 டிசம்பரில் அதற்கென்றே தனி அனுமதிச் சீட்டு வந்திருக்கிறது. கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு செல்லும். அது இல்லாமல் எடுத்தால் அபராதம். உங்கள் பள்ளி ஒப்பந்தத்தில் டியூஷனுக்குத் தடை இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.