‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் ஃபாரமிரை மாற்றியதற்கு வாசகர்கள் ஏன் இன்னும் கோபப்படுகிறார்கள்?

நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை 2001-இல் வந்த முதல் படத்திலிருந்து நீக்கியதைப் பலர் ஏற்றுக்கொண்டார்கள். அவர் இல்லாமலும் கதை நகரும். ஃபாரமிர் விஷயம் அப்படியல்ல. டோல்கீனின் நாவலில் கோண்டோர் நாட்டுத் தளபதியான அவன், யாரையும் ஆசைகாட்டிக் கெடுத்துவிடும் அந்த மந்திர மோதிரத்தை, வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறான். சொன்னபடியே, அதைச் சுமந்துவரும் ஃப்ரோடோவை விட்டுவிடுகிறான். அண்ணன் போரோமிர் மோதிரத்துக்கு ஆசைப்பட்டுச் சறுக்கிய இடத்தில் தம்பி நிற்பதுதான் அந்தப் பாத்திரத்தின் அழகே. 2002-இல் வந்த இரண்டாம் படத்திலோ ஃப்ரோடோவை ஆஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப்போய், அப்புறம்தான் மனம் மாறுகிறான்.

படக்குழுவுக்கும் காரணம் இருந்தது: ஒருவன் சுலபமாக மறுத்துவிட்டால் மோதிரத்தின் மீதான பயம் குறைந்துவிடும். ஷெலாப் சிலந்திக் காட்சியும் மூன்றாம் படத்துக்குப் போய்விட்டதால், ஃப்ரோடோவின் பாதைக்கு வேறொரு உச்சம் தேவைப்பட்டது. திரைக்கதையாக இது சரி. ஆனாலும் என் மனம் நாவலின் ஃபாரமிர் பக்கம்தான். நீட்டிக்கப்பட்ட பதிப்பில் தந்தை டெனத்தோர் வரும் பழைய நினைவுக் காட்சியைப் பாருங்கள், படத்து ஃபாரமிரின் தடுமாற்றம் நன்றாகப் புரியும்.