கிக்கர் திருப்பி அடித்துக் கால் உடைந்தது, பாதியில் நிற்கும் பழைய புல்லட்டை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். அதுவும் பாதி கழற்றிய நிலையில் விற்கவே விற்காதீர்கள். முழுசாக நின்றால்தான் அது புல்லட், சாக்கில் கட்டி மூலையில் கிடந்தால் காயலாங்கடைக்காரன் எடைக்குத்தான் கேட்பான்.

உங்களுக்கு முப்பதுக்குள் வயசிருக்கும் என்று நினைக்கிறேன். யூடியூபில் பார்த்து ஆசைப்பட்டு வண்டியை வாங்கி, இஷ்டத்துக்கு மாற்றிக் கட்ட ஆரம்பித்திருப்பீர்கள். இப்போது மாவுக்கட்டோடு கட்டிலில் இருக்கிறீர்கள், வீட்டில் எல்லோரும் சொல்வதற்கெல்லாம் சரி என்று தலையாட்டுகிற நேரம் இது. எனக்கும் அதே வலது கால், அதே கிக்கர். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது 1978 ஸ்டாண்டர்ட் 350. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பல வருஷமாக நின்ற வண்டி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உமியும் எலிக்கூடும்தான் இருந்தது. பேரல், அதாவது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர், தேயத் தேயக் குடைந்து ஏற்கெனவே அறுபது ஓவர்சைஸ் போயிருந்ததால் மேலே போர் பண்ண வழியில்லை, உள்ளே ஸ்லீவ் என்கிற புது உறை இறக்கித் திரும்பவும் பழைய அளவு பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. என் ஆசை பெரிதாக ஒன்றுமில்லை: ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், குட்டை மட்கார்டு, தாழ்ந்த ஹேண்டில்பார். ஒயரிங்கில் சொல்ல எதுவும் இல்லை, ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டு ஆக்கினேன், அவ்வளவுதான்.

எஞ்சினைக் கட்டி முடித்த பட்டறையில் (பெயர் வேண்டாம், இன்னும் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன்) "டைமிங்லாம் பக்காவா வச்சாச்சு, மிதிங்க" என்றார்கள். செருப்போடு மிதித்திருப்பீர் என்று இங்கே யாராவது வருவார்கள், ஷூதான் போட்டிருந்தேன். முறை தெரியாமல் மிதித்திருப்பீர் என்று இன்னொருவர் வருவார், அவருக்காகச் சொல்கிறேன்: சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கி, டீகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற லீவர்) பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் எழுந்து நின்று முழு எடையையும் போட்டேன். பாதி தூரம் போனது. அடுத்த நொடி அது என்னைத் தூக்கித் தரையில் போட்டது. கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது.

கட்டு பிரித்த பிறகும் வீக்கம் வடியவில்லை, மாடிப்படி ஏற முடியாது. வீட்டில் "அந்த வண்டிய எடைக்குப் போட்டாத்தான் இனி இங்க சோறு" என்று சட்டம் வந்துவிட்டது. மேலப்பாளையத்தில் ஒரு வயசான பாய் இருக்கிறார், பழைய புல்லட் மட்டும்தான் தொடுவார். அவரை ஆட்டோ வைத்து வரவழைத்தேன். எஞ்சினைத் தொடவே இல்லை, ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற பாயிண்ட் பக்கத்து மூடியைக் கழற்றித் தட்டை எடுத்து, அதன் அடியில் இருக்கிற இரண்டு குட்டி வெயிட்டை விரலால் விரித்து விட்டுப் பார்த்தார். "தம்பி, பாத்தீங்களா, விரிஞ்ச இடத்துலயே நிக்கி. சுருங்கவே மாட்டக்கு."

விஷயம் இதுதான். எஞ்சின் வேகம் கூடும்போது அந்த வெயிட்கள் விரிந்து ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்கும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். துரு ஏறியோ ஸ்பிரிங் செத்தோ விரிந்தபடியே நின்றுவிட்டால், மிதிக்கிற மெதுவான வேகத்தில் பிஸ்டன் மேலே போய்ச் சேருமுன்பே பெட்ரோல் வெடித்து, பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் தண்டைப் பின்னால் தள்ளும். அந்த உதைதான் கிக்கர் வழியாக உங்கள் காலுக்கு வருகிறது. உங்கள் வண்டியிலும் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், கார்புரேட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செல்ஃப் ஸ்டார்ட் கிட் மாட்டினால் தீர்ந்ததே என்பவர்கள் மாட்டிக்கொள்ளட்டும், எனக்குச் சண்டையில்லை, ஆனால் இந்தக் கோளாறு அப்படியே இருந்தால் அந்த மோட்டார் பல்லையும் இது ஒருநாள் உடைக்கும்.

இன்னொரு தொல்லை, அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்குப் பாதத்தை மேலே தூக்க வேண்டும், என் கணுக்கால் அதற்குத்தான் மடங்கவில்லை. பெடலைக் கழற்றிக் கொஞ்சம் இறக்கி மாட்டிக்கொண்டேன்.

பேப்பர் விஷயத்தை இப்போதே கவனியுங்கள். 'விண்டேஜ்' பதிவு என்று 2021இல் ஒரு விதி வந்தது, வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அதன் பிறகும் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான். நீங்கள் மாற்றிக் கட்டுகிற வண்டிக்கு அது ஒத்துவராது. ஆர்.சி.யைச் சாதாரணமாகப் புதுப்பித்தால் போதும், ஐந்தைந்து வருஷமாகத் தருவார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது, கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. ஆகவே சேஸில் வெல்டிங் வைக்காதீர்கள். நான் மாற்றியது எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும், எஃப்.சி.க்கு, அதாவது வண்டித் தகுதிச் சோதனைக்கு, போகும்போது பழைய மட்கார்டையும் சீட்டையும் மாட்டித்தான் கொண்டுபோனேன். பெயிண்டர் பட்டி பூசும்போது சேஸ் நம்பரை மூடிவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

டேங்க் கோட்டுக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கம்பெனியிலேயே அந்தத் தங்கக் கோட்டைக் கையால் வரைந்தவர்கள்தான். எனக்கு வரைந்தவர் முன்பு டவுணில் கடைகளுக்குப் போர்டு எழுதியவர், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை போயிற்று. சுண்டு விரலை டேங்க்கில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பேட் ஓரத்திலிருந்து மூடி வரை ஒரே இழுப்பு. டேப் ஒட்டித் தரவா என்று கேட்டேன், பதிலே சொல்லவில்லை.

வண்டி ஓட ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் வருவார்கள், தயாராக இருங்கள். நான் கட்டிலில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத ஒருவர், மகன் கல்யாண போட்டோ ஷூட்டுக்கு, தாமிரபரணிக் கரையில் நிறுத்தி எடுக்கணும், "ரெண்டு மணி நேரம்தான் மச்சான்" என்று வந்து நின்றார். என் மகள் சடங்குக்கு இந்த மனுஷன் எழுதிய மொய் இருநூற்றியொரு ரூபாய், அதுவும் அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் எழுதியதில் பாதிகூட இல்லை, நோட்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். கொடுக்கவில்லை.

வண்டி எந்த வருஷம், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, எஞ்சின் இப்போது சேஸில் ஏறியிருக்கிறதா இல்லையா, இந்த மூன்றையும் எழுதுங்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் என்றால் பாயிடம் கேட்டுச் சொல்கிறேன். பெயிண்டுக்கு மட்டும் இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.